சாயக்காரரின் கை

அறுபத்தைந்தாம் ஆண்டு ஜனவரி முடிகிற சமயம். தென்காசியில் பஸ் ஓடாத மூன்றாவது நாள். பகல் பதினொரு மணி சுமாருக்குச் சாயக்காரர் என் அறை வாசலில் வந்து நின்றார். தலையில் தொப்பி, தோளில் துணிப்பை, இடுப்பில் கருநீலக் கட்டம் போட்ட லுங்கி. வெள்ளைச் சட்டையின் கையை மேலே மடித்துவிட்டிருந்தார். விரல் நுனியிலிருந்து முழங்கை வரை இரண்டு கைகளும் கருநீலமாக இருந்தன. அது அவருக்கு எப்போதும் உள்ள நிறம்.

நான் அப்போது மதுரைப் பத்திரிகை ஒன்றின் உள்ளூர் நிருபர். வயது இருபத்தேழு. ரயில் நிலையத்துக்குக் கிழக்கே நெசவாளர் தெரு ஒன்றின் முனையில் எனக்கு ஒரு மாடியறை. அதே தெருவில் நாலு வீடு தள்ளி அவருடைய சாயப்பட்டறை. தறிக்காரர்களுக்கு நூலில் சாயம் ஏற்றித் தருவார். கறுப்பிலும் நீலத்திலும் பெயர் வாங்கியவர்.

“தம்பி, ஒரு ஒத்தாசை,” என்றார். “குத்தாலம் வரைக்கும் எங்கூட நடந்து வாரீயளா?”

“இன்னைக்கா பாய்?”

“நாலு மணிக்கு வேன் போயிரும்.”

விவரம் எனக்குத் தெரியும். நானே அதைச் செய்தியாக எழுதி அனுப்பியிருந்தேன். வியாழக்கிழமை விடிகிற நேரத்தில் ரயில் நிலையத்திலும் தபாலாபீஸிலும் பெயர்ப்பலகைகளில் இருந்த இந்தி எழுத்துகளின் மேல் தார் பூசப்பட்டது. மறுநாள் வெளியூர்ப் போலீஸ் வந்து இறங்கியது. தெருவில் போகிற இளைஞர்களை நிறுத்தி உள்ளங்கையைக் காட்டச் சொன்னார்கள். கறுப்பாக இருந்தால் வேன். அன்று மாலைக்குள் பதினான்கு பேர் சேர்ந்துவிட்டார்கள். ஊரில் அடைக்க இடம் இல்லாததால் அவர்களைக் குற்றாலத்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கே அருவிக்குப் போகிற வழியில் சீசனுக்கு மட்டும் திறக்கிற போலீஸ் அவுட்போஸ்ட் ஒன்று உண்டு. ஜனவரியில் அது சும்மாதான் கிடக்கும்.

பதினான்கு பேரில் ஒருவன் சாயக்காரரின் மகன். இருபத்திரண்டு வயது. பள்ளிப் படிப்பு முடித்து, டைப்ரைட்டிங் பாஸ் செய்து, தேர்வு எழுதி, தபால் இலாகாவில் குமாஸ்தா வேலைக்கு உத்தரவு வாங்கியிருந்தான். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு விருதுநகரில் போய்ச் சேர வேண்டும். நான் சொல்கிற நாள் சனிக்கிழமை. தார்தான் என்று உறுதியானவர்களை நாலு மணி வேனில் பாளையங்கோட்டை ஜெயிலுக்கு அனுப்புவார்கள், மற்றவர்களை எச்சரித்து விடுவார்கள் என்று செய்தி. பாளையங்கோட்டைக்குப் போனால் வழக்கு. வழக்கு என்றால் வேலை இல்லை. எந்த இலாகாவின் பலகையைக் கெடுத்தான் என்று குற்றமோ, அதே இலாகாவில் திங்கட்கிழமை கையெழுத்துப் போட வேண்டியவன் அவன்.

“அது தார் இல்ல தம்பி, சாயம்,” என்றார். “வேலை உத்தரவு வந்த அன்னைக்கே சொன்னேன், இனிமே தொட்டியில கைய வைக்காதலே, ஆபீஸ்ல நாலு பேர் பாக்கிற கைன்னு. கேக்கல. எனக்கு வேலை சாஸ்தின்னு நான் இல்லாத நேரமாப் பாத்து நூலை முக்கியிருக்கான். எனக்குத் தெரியாம. என்ன சொல்லுதீய, பாசந்தான.”

நான் நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினேன். அவர் உட்காரவில்லை.

“நீங்க நிருபரு. உங்க கார்டைப் பாத்தா உள்ள விடுவான். மத்ததை நான் பாத்துக்கிடுதேன். எண்ணெ போட்டுத் துடைச்சாத் தார் வந்துரும். நம்ம சாயம் வராது. முப்பது வருசமா எண்ணெ தேச்சுக் குளிக்கேன், எங்கயாவது போயிருக்கா, பாருங்க.” இரண்டு கைகளையும் என் முகத்துக்கு நேரே நீட்டினார். “வெள்ளத்துணியும் கொண்டாந்திருக்கேன். அவுஹ கண் முன்னால துடைச்சுக் காட்டிருவோம்.”

இந்த இடத்தில் ஒரு விஷயம் சொல்லிவிட வேண்டும். பலகையில் தார் பூசுகிறவர்கள் அதற்கு ஒரு மணி நேரம் முன்னால் நிருபருக்குச் சொல்லி அனுப்புவார்கள். அது அந்த நாள் வழக்கம். பூசியது பேப்பரில் வராவிட்டால் பூசியது வீண். வியாழக்கிழமையும் எனக்குச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். நான் போயிருந்தேன். தபாலாபீஸ் வாசலில் சாய்த்திருந்த ஏணியின் மேல் படியில் நின்றது இவருடைய மகன். தூரிகை பாதியில் உடைந்துவிட்டது. மீதி எழுத்தைக் கையாலேயே மெழுகினான். இறங்கி வந்ததும் என்னைப் பார்த்து, “அண்ணே, வாப்பாட்ட சொல்லிராதீய,” என்றான். எண்ணெய் போட்டுத் துடைத்தால் வாப்பா ஏன் என்று கேட்பார், அப்படியே விட்டால் சாயம் என்று நினைப்பார் என்பது அவன் கணக்கு. சரி என்றேன். ‘அடையாளம் தெரியாத சிலர்’ என்று எழுதித் தந்தி கொடுத்தேன்.

ஆகவே எண்ணெய் போட்டுத் துடைத்தால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும். சட்டையை மாட்டிக்கொண்டு அவரோடு கிளம்பினேன்.

தெரு முனையில் நாலு பேர் நின்றிருந்தார்கள். ஐந்து பேரோ அதற்கு மேலோ கூடக் கூடாது என்று தடை உத்தரவு இருந்தது. அதனால் ஊரில் எங்கு பார்த்தாலும் நாலு நாலு பேராக நின்றார்கள். யாராவது ஒருவர் புதிதாக வந்தால் ஏற்கெனவே நின்றவரில் ஒருவர் நகர்ந்து பத்தடி தள்ளிப் போய்த் தனியாக நின்று கேட்டுக்கொண்டிருப்பார்.

“சுட்டுட்டாங்களாம்ல,” என்றார் அவர்களில் ஒருவர்.

“எங்கன?” என்றேன்.

“அங்கனதான்.” மேற்கே கையைக் காட்டினார். “ரெண்டு பேரு.”

ரயில் நிலையத்துக்கு வந்தபோது நாலு பேர் செத்திருந்தார்கள். நிலையத்தின் பலகையில் தார் காய்ந்து பளபளவென்று இருந்தது. அதன் அடியில் துப்பாக்கியோடு ஒரு போலீஸ்காரர் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து கடலை உரித்துக்கொண்டிருந்தார். கடைகள் எல்லாம் அடைப்பு. ஜட்கா வண்டிகள் வரிசையாக நின்றன, குதிரைகள் இல்லை. நோட்டுப் புத்தகக் கடைக்காரர் தம் கடைப் பலகையில் யாரும் கேட்காமலே ‘தமிழ் வாழ்க’ என்று சுண்ணாம்பால் எழுதியிருந்தார். அவர் எழுதிய மறுநாள் பக்கத்துக் கடைக்காரரும் எழுதினார். மூன்றாவது கடை பூட்டோடு ஊருக்குப் போய்விட்டவருடையது. அதற்கும் யாரோ எழுதிவிட்டிருந்தார்கள்.

சந்நிதி பஜாருக்குள் நுழைந்தபோது சாவு ஏழாகியிருந்தது. இதைச் சொன்னவர் ஜன்னல் வழியாகச் சொன்னார். தெருவில் எங்கள் செருப்புச் சத்தம் கேட்டது. நான் அந்த ஊரில் இருந்த ஒன்பது வருஷத்தில் அந்தத் தெருவில் என் செருப்புச் சத்தத்தைக் கேட்டது அன்று ஒருநாள்தான். பிளந்து நின்ற பழைய கோயில் கோபுரத்தின் மேலே புறாக்கள் இருந்தன. கடைகள் இல்லாததால் அவற்றுக்கும் தீனி இல்லை. தெரு நடுவில் இறங்கி நடந்துகொண்டிருந்தன.

அப்போதுதான் எனக்கு வாடை அடித்தது.

“பாய், என்ன அது?”

“எது?”

“பைக்குள்ள.”

“சீமெண்ணெதான். ஒரு குப்பி. தாருக்கு அதுதான் உடனே கேக்கும். நல்லெண்ணெய்னா தேச்சுக்கிட்டு இருக்கணும்லா.”

எதிரே எழுபது எண்பது கஜத்தில் தெரு முடிகிற இடத்தில் போலீஸ் மரத்தடுப்பு வைத்திருந்தார்கள். ஆறு பேர் நின்றார்கள். அதற்கு முந்தின நாள் பக்கத்து ஊரில் ஒரு பஸ் எரிந்திருந்தது. அன்றிலிருந்து வண்டிகளில் தீப்பெட்டி இருக்கிறதா என்றுகூடச் சோதித்தார்கள். சாயக்காரர் கறுத்த இரண்டு கைகளோடும், துணியில் சுற்றிய ஒரு குப்பி மண்ணெண்ணெயோடும் நேரே அவர்களை நோக்கி நடந்துகொண்டிருந்தார்.

“பாய், பஸ்ஸை எதை ஊத்திக் கொளுத்துனாங்கன்னு தெரியுமா?”

அவர் நின்றார். பையைப் பார்த்தார். “அட அல்லா,” என்றார். “எனக்கு இது தார் எடுக்கிற சாமான். வேற நினைப்பே வரலியே.”

திரும்பி நடந்தால் பார்ப்பார்கள். நின்றாலும் பார்ப்பார்கள். இடது பக்கம் ஒரு டீக்கடை. நாலு பலகையில் மூன்றைப் போட்டு அடைத்து, ஒரு பலகை இடைவெளியில் டீ கொடுத்துக்கொண்டிருந்தார் கடைக்காரர். அதாவது கடை அடைப்புத்தான், டீயும் உண்டு. அந்த இடுக்கு வழியாகக் குப்பியை உள்ளே நீட்டினேன்.

“என்னது?” என்றார் டீக்கடைக்காரர்.

“சீமெண்ணெய். திரும்பி வாரப்ப வாங்கிக்கிடுதோம்.”

“ஸ்டவ்வுல ஊத்திக்கிடட்டா? ரெண்டு நாளா லாரி வரல.”

“கொஞ்சம் வச்சிருங்க,” என்றார் சாயக்காரர்.

இரண்டு டீ வாங்கிக் குடித்தோம். குடிக்கும்போது எனக்குள்ளே ஒரு நிம்மதி இருந்ததை ஒப்புக்கொள்ள வேண்டும். மண்ணெண்ணெய் போயிற்று. இனித் துடைத்துக் காட்டுகிற சோதனை கிடையாது. அதிகாரியிடம் வேலை உத்தரவைக் காட்டிக் கெஞ்சிப் பார்க்கலாம்.

“நல்லெண்ணெய்க்கு என்ன செய்ய பாய்? கடை எல்லாம் அடைச்சிருக்கு,” என்று பொதுவாகச் சொல்லிவைத்தேன்.

சாயக்காரர் தம்ளரைக் கீழே வைத்தார். “குத்தாலத்துல எண்ணெய்க்கா பஞ்சம், தம்பி?” என்றார்.

தடுப்பில் இளம் போலீஸ்காரர் ஒருவர் முதலில் என் கார்டை வாங்கிப் பார்த்தார். அதில் என் முகத்தின் பாதியை ரப்பர் ஸ்டாம்பு மறைத்திருந்தது. தெரிந்த பாதியை என்னோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, கையைக் காட்டச் சொன்னார். காட்டினேன். அடுத்து சாயக்காரர் பக்கம் திரும்பினார்.

“கையக் காட்டுய்யா.”

காட்டினார். போலீஸ்காரர் ஓரடி பின்னால் போனார்.

“ஏட்டையா! இங்க வாங்க. இந்த ஆளு தார் டின்னுக்குள்ளயே விழுந்து எந்திரிச்சிருக்கான்.”

மற்ற ஐந்து பேரும் சுற்றி வந்தார்கள். ஒருவர் துப்பாக்கியைத் தோளிலிருந்து இறக்கினார். இன்னொருவர் தம் கட்டைவிரலில் எச்சில் தொட்டு, சாயக்காரரின் உள்ளங்கையில் அழுத்தித் தேய்த்து, விரலைத் திருப்பிப் பார்த்தார். விரல் சுத்தமாக இருந்தது. திரும்பவும் தேய்த்தார்.

“என்னய்யா இது?”

“சாயம் ஐயா.”

“முழங்கை வரைக்குமா?”

“தொட்டி ஆழம் ஐயா.”

ஏட்டு பின்னாலிருந்து வந்தார். உள்ளூர்க்காரர், வயதானவர். சாயக்காரரைப் பார்த்ததும் இடுப்பில் கை வைத்துக்கொண்டார்.

“வே, உமக்குப் புத்தி இருக்கா? ஊரு பூரா கையப் பாத்துப் பிடிக்கான். இன்னைக்குப் பாத்தா இந்தக் கையத் தூக்கிக்கிட்டு வாரேரு?”

“வேற கை இல்லியே ஐயா.”

ஏட்டு சிரிக்கவில்லை. இளைஞரிடம், “ஏலே, நீ ராத்திரி கட்டிப் படுக்கியே ஒரு லுங்கி, அது யாரு கை சாயம்னு நினைக்க? விடு,” என்றார். பிறகு சாயக்காரரிடம், “திரும்பி வாரப்ப நான் இருப்பேன். நான் இல்லன்னா வராதேயும்,” என்றார். போகும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “பதினோரு பேராமே, எங்கன?” என்று கேட்டார். எங்கும் இல்லை என்றேன். அவர் நம்பவில்லை. நிருபர்கள் எதையாவது மறைப்பார்கள் என்பது அவர் எண்ணம். அதில் தவறு இல்லை.

ஊரைத் தாண்டியதும் சாலை சும்மா கிடந்தது. இரண்டு பக்கமும் பிசானப் பருவத்து நெல், கதிர் வந்திருந்தது. எதிரே மலை. அங்கே நின்றால் எதுவும் நடக்கவில்லை என்று சொல்லிவிடலாம். ஒரு தடவை அரசாங்க பஸ் ஒன்று கண்ணாடி இல்லாமல், ஆள் இல்லாமல், முன்னும் பின்னும் போலீஸ் வேனோடு எங்களைக் கடந்து போனது. டிரைவர் தலைக்கு ஒரு சாக்கை மடித்துக் கட்டியிருந்தார். பாதி வழியில் உள்ள மேலகரத்தில் சாவுக் கணக்கு எதுவும் இல்லை. அங்கே எங்களைத்தான் கேட்டார்கள்.

நடக்கும்போது சாயக்காரர் தம் தொழிலைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தார். தார் தோலின் மேலே உட்காருகிறது. சாயம் தோலுக்குள்ளே இறங்குகிறது. மேலே இருப்பது எண்ணெய்க்கு இளகும். உள்ளே இருப்பது தோல் உரிந்து புதுத்தோல் வரும்போதுதான் போகும். அவர் தகப்பனாரை அடக்கம் செய்யும்போதுகூடக் கை நீலமாகத்தான் இருந்ததாம்.

“இம்புட்டு லேசான விசயம். அந்த ஆபீசருக்கு ஒருத்தனும் சொல்லலியே,” என்றார்.

“பாய்,” என்றேன்.

“சொல்லுங்க தம்பி.”

“அவன் அன்னைக்குக் காலையில வீட்ல இருந்தானா?”

“வியாழக்கிழமையா? விடியக்காலம் சுபுஹுத் தொழுகைக்குப் போயிருந்தான். நான் எந்திரிக்கப் பாயில ஆள் இல்ல. முன்னெல்லாம் எழுப்பி எழுப்பிப் பாத்தாலும் போக மாட்டான். உத்தரவு வந்த பிறவு பயலுக்குப் பொறுப்பு வந்துட்டு.”

அதற்குமேல் நான் கேட்கவில்லை. அன்று ஏன் சொல்லவில்லை என்பதற்கு நான் பிற்பாடு பல காரணங்கள் சொல்லியிருக்கிறேன். வாக்குக் கொடுத்திருந்தேன். செய்தி கொடுத்தவனைக் காட்டிக்கொடுக்கக் கூடாது. இரண்டும் உண்மை. மூன்றாவது ஒன்றும் உண்டு. நான் பார்த்தேன் என்று வாயால் சொல்லிவிட்டால் அதன் பிறகு நான் நிருபர் இல்லை, சாட்சி. அதற்கு எனக்கு மனமில்லை.

குற்றாலத்தில் விடுதிகள் பூட்டிக் கிடந்தன. அருவியில் தண்ணீர் இருந்தது, ஆனால் சத்தம் போடுகிற அளவுக்கு இல்லை. சீசனில் வழி நெடுக உட்கார்ந்திருக்கும் எண்ணெய் தேய்க்கிறவர்கள் ஒருவரையும் காணோம். அவுட்போஸ்ட் வாசலை அடைந்தபோதுதான் அவர்களில் ஒருவரைப் பார்த்தோம். வாசல் பெஞ்சில் ஒரு போலீஸ்காரர் கோவணத்தோடு குப்புறப் படுத்திருந்தார். எண்ணெய் தேய்க்கிறவர் அவர் முதுகின் மேல் ஏறக்குறைய உட்கார்ந்து பிசைந்துகொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு படி அளவுள்ள செம்பில் நிறைய நல்லெண்ணெய்.

“பாத்தீயளா,” என்றார் சாயக்காரர்.

இன்ஸ்பெக்டர் வடக்கே ஏதோ ஊர்க்காரர். அருவியில் குளித்துவிட்டு ஈரத்தலையோடு மேசை முன்னால் உட்கார்ந்திருந்தார். என் கார்டைப் பார்த்தார். சாயக்காரர் பையிலிருந்து எடுத்துக் கொடுத்த வேலை உத்தரவை முழுவதும் படித்தார். திங்கட்கிழமை என்ற இடத்தில் விரல் வைத்தார்.

“பாவந்தான். ஆனா எனக்கு வந்த உத்தரவு கையைப் பத்தினது. கை கறுப்பா இருந்தா அனுப்பணும். வேலை உத்தரவு இருந்தா அனுப்பக் கூடாதுன்னு இல்லை.”

“கறுப்புல ரெண்டு இருக்கு ஐயா,” என்றார் சாயக்காரர்.

ஐந்து நிமிஷம் விளக்கினார். வழியில் எனக்குச் சொன்னதை அப்படியே சொன்னார், தகப்பனார் அடக்கம் உட்பட. இன்ஸ்பெக்டர் கவனமாகக் கேட்டார். பாவம், அவருக்கும் இரண்டு நாளாகப் பேச்சுத்துணை இல்லை.

“செஞ்சு காட்டுங்க.”

நான் குறுக்கே வந்து, உத்தரவு அசல்தான், குடும்பத்தை எனக்கு ஐந்து வருஷமாகத் தெரியும், எச்சரித்து விட்டுவிடலாமே என்றேன். “இருங்க சார், இது நல்லா இருக்கு,” என்றார் இன்ஸ்பெக்டர்.

எண்ணெய் தேய்க்கிறவர் செம்போடு உள்ளே வந்தார். பெஞ்சில் கிடந்த போலீஸ்காரரும் துண்டைச் சுற்றிக்கொண்டு எழுந்து வந்தார். சாயக்காரர் முதலில் தம் கையில் ஊற்றச் சொன்னார். இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்துத் தேய்த்தார், விரல் இடுக்குகளைத் தேய்த்தார். பிறகு பையிலிருந்து வெள்ளைத் துணியை எடுத்து அழுத்தித் துடைத்து, மேசை மேல் விரித்தார். எண்ணெய்க் கறை, வழியில் பட்ட புழுதி. வேறொன்றும் இல்லை.

“பலே,” என்றார் இன்ஸ்பெக்டர். தாமே துணியைப் புரட்டிப் பார்த்தார். “சரி. அப்ப அந்தப் பையனைக் கூட்டிவாங்க.”

அவர் முகத்தைப் பார்த்தால் அந்த இடத்திலேயே அரை மனதாக விட்டுவிடுவார் போலிருந்தது. நான், “இதுவே போதுமே சார்,” என்றேன். சாயக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். “அது எப்பிடித் தம்பி? என் கையக் காட்டி அவனைக் கூட்டிட்டுப் போனா, நாளைக்கு ஒருத்தன் சொல்லுவான்லா. அவன் கையையும் பாக்கட்டும்.”

மகன் வந்தான். ஒரு நாள் தாடி. தகப்பனைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தான். நான் சொல்லிவிட்டேனா என்பது அவன் கேள்வி. இல்லை என்று தலையை அசைத்தேன். மேசையில் துணியும் செம்பும் இருப்பதைப் பார்த்ததும் அவனுக்குப் புரிந்துவிட்டது. அவனும் சாயக்காரர் மகன்தானே.

“வாப்பா, வேண்டாம்,” என்றான்.

“கைய நீட்டுலே.”

“வேண்டாம் வாப்பா.”

“நீட்டுங்கேன்லா. ஐயாவுக்கு நேரமாவுது.”

நீட்டினான். எண்ணெய் தேய்க்கிறவர் ஊற்றினார். சாயக்காரர் மகனின் வலது உள்ளங்கையைத் தம் இரண்டு கைகளுக்கும் நடுவில் வைத்துத் தேய்க்க ஆரம்பித்தார். ஒரு சுற்று. இரண்டாவது சுற்று பாதியில் அவர் கை நின்றது. நானும் இன்ஸ்பெக்டரும் ஒன்றும் பார்த்திருக்க முடியாது, கைகள் மூடியிருந்தன. சாயக்காரரும் பார்க்கவில்லை, விரலில் தெரிந்துகொண்டார். எது இளகுகிறது, எது இளகாது என்று விரலால் தெரிந்துகொள்வதுதான் அவர் தொழில்.

நிமிர்ந்து மகன் முகத்தைப் பார்த்தார். பிறகு தொடர்ந்து தேய்த்தார். முன்னைவிட அழுத்தி, நகக்கண்களில், ரேகைகளில், நிதானமாகத் தேய்த்தார். இடது கையையும் வாங்கித் தேய்த்தார். வெள்ளைத் துணி மேசை மேல் அவருக்கு எட்டுகிற இடத்தில்தான் இருந்தது. அதை எடுக்கவில்லை. குனிந்து தம் லுங்கியின் ஓரத்தைத் தூக்கி, மகனின் இரண்டு கைகளையும் அதற்குள் வைத்துத் துடைத்தார். கருநீலக் கட்டம் போட்ட லுங்கி. துடைத்து முடித்து ஓரத்தை உள்பக்கமாக மடித்துக் கட்டிக்கொண்டார்.

“பாருங்க ஐயா.”

மகனின் உள்ளங்கைகள் வெளிர்நீலமாக இருந்தன. தொட்டியில் கை வைத்து மூன்று வாரம் ஆன நிறம்.

இன்ஸ்பெக்டர் அந்தக் கையைப் பார்த்தார். மேசையில் இருந்த வெள்ளைத் துணியைப் பார்த்தார். லுங்கியைப் பார்த்தார். அங்கே சற்று நேரம் நிறுத்தினார். எண்ணெய் தேய்க்கிறவர் துண்டோடு நின்ற போலீஸ்காரரைக் காட்டி, “ஐயா, இவுஹளுக்கு இடது தோள் பாக்கி,” என்றார்.

“நீலந்தான்,” என்றார் இன்ஸ்பெக்டர். பதிவேட்டைத் திறந்து, பையன் பெயருக்கு எதிரே ‘கை நீலம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

மணி இரண்டரை. மூன்று பேரும் திரும்பி நடந்தோம். மகன் முன்னால், தகப்பன் பத்தடி பின்னால், நான் அதற்கும் பின்னால். மேலகரத்துக்கு இந்தப் பக்கம் பாளையங்கோட்டைக்குப் போகிற வேன் காலியாகக் குற்றாலத்தை நோக்கிப் போயிற்று. மகன் நின்று அது மறையும்வரை பார்த்தான். தகப்பன் நிற்கவில்லை. அவனைத் தாண்டிப் போய்விட்டார்.

தடுப்பில் ஏட்டு இருந்தார். மகனின் கையைத் திருப்பிப் பார்த்து, “நல்லவேளை,” என்றார். என் கையையும் பார்த்தார்கள். சாயக்காரர் தாமாகவே இரண்டு கைகளையும் நீட்டினார். காலையில் அதில் இருந்தது சாயம் மட்டும். இப்போது சாயத்தின் மேலே, விரல் இடுக்கெல்லாம், தபாலாபீஸ் பலகையிலிருந்து வந்த தார் இருந்தது. இளம் போலீஸ்காரர் கட்டைவிரலில் எச்சில் தொட்டார்.

“அந்தக் கை காலையிலயே பாத்தாச்சுலே,” என்றார் ஏட்டு. “போங்கவே, போங்க.”

டீக்கடையில் குப்பி காத்திருந்தது. பாதி ஸ்டவ்வுக்குப் போயிருந்தது. மகனை வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டு, சாயக்காரர் பலகை இடுக்கு வழியாகக் கடைக்குள் நுழைந்தார். நானும் நுழைந்தேன். உள்ளே வாளிக்கு மேலே கையை நீட்டினார், நான் ஊற்றினேன். தார் கரைந்து வாளிக்குள் கறுப்பாக விழுந்தது. லுங்கி ஓரத்தையும் அதில் அலசினார். எல்லாம் முடிகிறவரை அவர் என்னைப் பார்க்கவில்லை.

“நீங்க பாத்திருப்பீயளே,” என்றார் பிறகு.

“பாத்தேன்.”

“ஏணியில அவந்தானா?”

“ஆமா பாய்.”

“நாலு மைல் வந்தீயளே தம்பி. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா.”

“சொல்லியிருந்தா வந்திருப்பீங்களா?”

“வந்திருப்பேன்,” என்றார். “வெள்ளத்துணி கொண்டாந்திருக்க மாட்டேன்.”

கையை உதறிவிட்டு வெளியே போனார். டீக்கடைக்காரர் என்னிடம், எத்தனை பேர் என்று கேட்டார். ஒருவரும் இல்லை என்றேன்.

மாலை தந்தி ஆபீஸுக்குப் போய், பிடிபட்டவர்களில் ஒருவர் விசாரணைக்குப் பின் விடுவிக்கப்பட்டார் என்று அனுப்பினேன். இடமில்லை என்று மதுரையில் அதைப் போடவில்லை. மகன் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ரயில் ஓட ஆரம்பித்ததும் விருதுநகர் போய், திங்கட்கிழமை வேலையில் சேர்ந்தான். அவனை ஏற்றிவிட நானும் நிலையத்துக்குப் போயிருந்தேன். சாயக்காரர் புதுச் சட்டையில், கையை மடிக்காமல், பொத்தான் போட்டு வந்திருந்தார். வண்டி கிளம்பிய பிறகு என் பக்கம் வந்து நின்றார்.

“வாரீயளா, சார்?” என்றார். “ஒரே தெருதானே.”

ஐந்து வருஷமாகத் தம்பி என்று கூப்பிட்டவர். நான் அந்த ஊரைவிட்டு மாற்றலாகிற வரை அதன் பிறகு சார்தான்.